தொட்டி மண்ணின் 17 நாள் கணக்கு

ஐப்பசி அடைமழை. ஜன்னல்கள் சாத்தியே கிடக்கின்றன. வரவேற்பறை மூலையில் ஒரு மணி பிளாண்ட், தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் ஒரு பீஸ் லில்லி, சமையலறை ஜன்னலோரம் துளசி நாற்று. இரவு விளக்கடியில் உட்கார்ந்தால் கண்ணெதிரே ஏதோ கறுப்பாகப் பறக்கிறது. காபி டம்ளரில் ஒன்று மிதக்கிறது. கைபேசித் திரையில் ஒன்று வந்து உட்கார்ந்து, விரட்டினால் பறக்காமல் விறுவிறுவென்று நடந்து போகிறது. மணி பிளாண்ட் தொட்டியை லேசாக நகர்த்தினால் மண்ணிலிருந்து ஐந்தாறு சேர்ந்தாற்போல் எழும்பி, மறுபடி அங்கேயே இறங்குகின்றன.

கொசு என்று நினைத்துக் கொசுவர்த்தி ஏற்றுகிறார்கள். பழ ஈ என்று நினைத்து வாழைப்பழச் சீப்பை மூடி வைக்கிறார்கள். கிண்ணத்தில் வினிகர் ஊற்றி வைக்கிறார்கள். ஒரு வாரம் போயும் எண்ணிக்கை குறைந்தபாடில்லை. அடிக்க அடிக்க வந்துகொண்டே இருக்கிறது. பறப்பதை மட்டும் துரத்துவதால் வரும் வினை இது. அதன் பிறந்த வீடு தொட்டிக்குள், ஈர மண்ணின் மேல் இரண்டு அங்குலத்தில் இருக்கிறது.

செடி வளர்ப்பவர்கள் ‘ஃபங்கஸ் நாட்’ என்று சொல்லும் இந்தப் பூச்சியைத் தமிழில் பூஞ்சை ஈ எனலாம். சியாரிடே குடும்பத்தைச் சேர்ந்தது. வீட்டுத் தொட்டிகளில் அதிகம் காணப்படுபவை அந்தக் குடும்பத்தில் பிராடிசியா என்ற பேரினத்து இனங்கள். நீளம் 2 முதல் 4 மில்லிமீட்டர்தான். கடிக்காது, ரத்தம் உறிஞ்சும் குழல் அதற்கு இல்லை. ஒன்றைப் பிடித்து வெள்ளைத் தாளில் வைத்துக் கைலென்ஸால் பார்த்தால் மணி கோத்ததுபோன்ற நீண்ட உணர்கொம்புகளும், உடம்புக்குப் பொருந்தாத நெடுங்கால்களும், புகை படிந்தாற்போன்ற சிறகும் தெரியும். சிறகின் நடுவில் ஒரு நரம்பு இரண்டாகப் பிரிந்து, உண்டிவில்லின் கவட்டைபோல விரிந்திருக்கும். பூஞ்சை ஈயை அடையாளம் காட்டும் முத்திரை அது.

இந்தச் சோதனையை முதலில் செய்துவிடுவது நல்லது, ஏனென்றால் வைத்தியம் ஆளுக்கு ஆள் மாறும். பழ ஈ உருண்டு திரண்ட உடலும் சிவந்த கண்ணும் கொண்டது. கனிந்த பழத்தையும் புளித்த வாடையையும் தேடி வரும். வினிகர் கிண்ணம் அதற்கான பொறி. பூஞ்சை ஈ அதற்குப் பெரிதாக மசியாது. குளியலறைச் சுவரில் குட்டி அந்துப்பூச்சிபோல மயிரடர்ந்து அசையாமல் ஒட்டிக்கொண்டிருப்பது சாக்கடை ஈ. அதற்குக் கழிவுநீர்க் குழாயைத் தேய்த்துக் கழுவ வேண்டும். தொட்டியை அசைக்கும்போது மண்ணிலிருந்து கிளம்பி, கோணல்மாணலாகக் கொஞ்ச தூரம் பறந்து களைத்துவிடுவது பூஞ்சை ஈ.

இனி அதன் நாட்காட்டி. சுமார் 24 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் முட்டை பொரிய 3 நாள். வெளிவரும் புழு சுமார் 10 நாள் தின்று வளரும். அதற்குள் மூன்று முறை தோலுரிக்கும். பிறகு மண்ணுக்குள்ளேயே கூட்டுப்புழுவாக 4 நாள். மொத்தம் 17 நாளில் புதுத் தலைமுறை சிறகடித்துவிடும். வளர்ந்த ஈயின் ஆயுள் ஒரு வாரம், பத்து நாள். அந்தச் சின்ன ஆயுளுக்குள் ஒரு பெண் ஈ நூறு, இருநூறு முட்டைகள்வரை ஈர மண்ணின் வெடிப்பிலும் பிளவிலும் வைத்துவிடும். நூறு முட்டையில் பாதி பெண் என்று வைத்துக்கொண்டாலும், எல்லாம் பிழைத்தால் இரண்டாம் தலைமுறையில் 5,000. எல்லாம் பிழைக்கப்போவதில்லை. ஆனால் பத்தில் ஒரு பங்கு பிழைத்தாலே வீட்டில் இருப்பவர்களுக்கு நிம்மதி போய்விடும்.

கணக்கில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். சிறகுடன் கண்ணில் படும் காலம் அதன் வாழ்க்கையில் கடைசிப் பகுதி மட்டுமே. இன்று மாலை கையால் அடித்தும் மருந்தடித்தும் ஒரு ஈ விடாமல் கொன்றுவிட்டதாகவே வைத்துக்கொள்வோம். மண்ணுக்குள் முட்டையும் புழுவும் கூட்டுப்புழுவும் அப்படியே இருக்கும். நாளை காலையில் ஒரு தொகுதி கூட்டை உடைத்து வெளியே வரும். நாளை மறுநாள் இன்னொரு தொகுதி. பெண் ஈக்கள் சிறகு விரித்த கொஞ்ச நாளிலேயே முட்டை வைக்கத் தொடங்கிவிடும். பூச்சிமருந்து டப்பாவை வீடெங்கும் பீய்ச்சுகிறவர்களுக்கு மருந்து வாடை மட்டும் மிஞ்சுவது இதனால்தான்.

இந்த அற்ப ஈக்கு உயிரியல் வரலாற்றில் பெரிய இடம் உண்டு. பிராடிசியா கோப்ரோஃபிலா என்ற இனத்தில் ஒரு தாய் ஈக்குப் பிறப்பவை எல்லாம் பெண்ணாகவே இருக்கும், அல்லது எல்லாம் ஆணாகவே இருக்கும். எது என்பதைத் தீர்மானிப்பது தாயின் மரபணு. கரு வளரும்போது தகப்பன் தந்த எக்ஸ் குரோமோசோம்களைத் தேர்ந்து வெளியே தள்ளுகிறது; தாய் தந்ததைத் தொடுவதில்லை. அமெரிக்க மரபியலர் சார்லஸ் மெட்ஸ் 1920-களிலிருந்து இந்த விந்தையை ஆராய்ந்தார். அவர் வழியில் வந்த ஹெலன் கிரவுஸ் என்ற பெண் விஞ்ஞானி, குரோமோசோம் தான் தாய்வழி வந்ததா தந்தைவழி வந்ததா என்பதற்கான ஒரு முத்திரையைச் சுமந்து வருகிறது என்று 1960-இல் எழுதினார். மனிதர் உள்ளிட்ட பாலூட்டிகளிலும் இத்தகைய முத்திரை உண்டென்று பின்னால் தெரியவந்தது. மரபணு முத்திரை என்று இன்று மருத்துவப் பாடநூல்கள் பேசும் சொல் புழக்கத்துக்கு வந்ததே தொட்டி மண்ணில் நெளியும் இந்தப் புழுவின் உறவுகளைப் பார்த்துத்தான்.

காட்டில் இவை பகையாளியும் அல்ல. உதிர்ந்த இலையும் மக்கிய கட்டையும் பூஞ்சை பிடித்து மண்ணாகும் வேலையில் பூஞ்சை ஈயின் புழுக்களும் கூலியில்லா வேலையாட்கள். மேற்குத் தொடர்ச்சி மலையின் சோலைகளில் மழைக்காலத்தில் நாகம் படமெடுத்ததுபோலப் பூக்கும் அரிசீமா செடிகளுக்கு மகரந்தம் சுமப்பவை இந்த வகைப் பூச்சிகள்தான். நியூசிலாந்தின் வைட்டோமோ குகைக் கூரையில் நட்சத்திரக் கூட்டம்போல நீல ஒளி வீசும் புழுக்கள் சுற்றுலாப் பயணிகளை வரிசையில் நிறுத்துகின்றன; அவையும் பூஞ்சை ஈக்களின் நெருங்கிய சொந்தம். காட்டில் தேரைக்கும் சிலந்திக்கும் இரையாகி அளவோடு இருக்கும் இவை, எதிரியே இல்லாத வரவேற்பறைக்கு வரும்போதுதான் தொல்லையாகின்றன.

தொட்டிக்குள் புழு தின்பது என்ன? முதன்மையாகப் பூஞ்சை இழை, பாசி, மக்கும் இலைதழை. அவை போதாதபோது வேர்த்தூவிகளையும் இளவேரையும் கடிக்கும். நன்றாக வேர்பிடித்த ஸ்னேக் பிளாண்டுக்கு இதனால் பெரிய சேதம் இல்லை. அடி வாங்குபவை நாற்றுகளும், புதிதாக நட்ட துண்டுகளும். மண்ணில் ஈரம் இருந்தும் நாற்று தலை தொங்கினால், கீழிலை மஞ்சளித்தால், புழுவைத் தேடிப் பார்க்க வேண்டும். கடித்த காயத்தின் வழியே வேரழுகல் கிருமிகள் உள்ளே புகும். பித்தியம், ஃபியூசேரியம் போன்றவற்றை ஒரு தொட்டியிலிருந்து இன்னொரு தொட்டிக்குப் பூஞ்சை ஈக்கள் கொண்டுபோகவும் வல்லவை. பசுமைக்குடில் விவசாயிகளும் காளான் பண்ணைக்காரர்களும் இந்தக் குடும்பத்தைக் கண்டு அஞ்சுவதில் நியாயம் இருக்கிறது.

வீட்டுக்குள் இவை பெருகுவதற்கு இரண்டு சங்கதி வேண்டும்: விடாத ஈரம், மக்கும் பொருள். நகரத்துத் தொட்டிக் கலவை இரண்டையும் சேர்த்தே தருகிறது. பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து கட்டிகளாக வரும் தேங்காய் நார்த்தூள், செடிக்காரர்கள் வாயில் கோகோபீட், தன் எடையைப்போலப் பல மடங்கு தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். கூடவே மண்புழு உரம். மொட்டைமாடி வெயிலில் இந்தக் கலவை அருமையானது. காலையில் ஊற்றியது மறுநாளே காய்ந்துவிடும். அதே கலவை ஏசி அறையின் மூலையில், வெயிலே படாமல், அடித்துளைக்குக் கீழே தண்ணீர் தேங்கிய தட்டோடு இருந்தால் பத்து நாளானாலும் காயாது.

அன்பினால் செய்யும் காரியங்களும் உண்டு. அரிசி கழுவிய தண்ணீர், வடிகட்டிய தேயிலைச் சக்கை, காபித்தூள், வாழைப்பழத்தோல் ஊறல், மோர் என்று சமையலறையில் மிஞ்சியதையெல்லாம் செடிக்குக் கொடுக்கும் வழக்கம் நம் வீடுகளில் பலமானது. தோட்டத்து மண்ணில் மண்புழுவும் வெயிலும் அவற்றைச் செரித்துவிடும். மூடிய அறையில் ஆறங்குலத் தொட்டியில் அவை மண்ணின் மேலேயே தங்கி, பூஞ்சைக்கு விருந்தாகின்றன. பூஞ்சை எங்கேயோ, பூஞ்சை ஈ அங்கே. ஈக்கள் இருக்கும் காலத்திலாவது இந்த விருந்தை நிறுத்தி வைப்பது முதல் வைத்தியம்.

இரண்டாம் வைத்தியம் காய்ச்சல். மண்ணைக் காயவிடுவதைத்தான் சொல்கிறோம். முட்டைக்கும் சின்னப் புழுவுக்கும் ஈரம் இல்லாவிட்டால் உயிர் இல்லை. பெரும்பாலான புழுக்கள் மேல் 5 சென்டிமீட்டருக்குள் இருப்பதால், அந்த அடுக்கு மட்டும் காய்ந்தால் போதும். ஆள்காட்டி விரலை இரண்டாவது கணு வரை மண்ணுக்குள் விட்டுப் பார்க்க வேண்டும். நுனியில் குளிர்ச்சி தட்டினாலும், எடுத்த விரலில் மண் ஒட்டினாலும் அன்றைக்குத் தண்ணீர் கிடையாது. ஸ்னேக் பிளாண்ட், இசட்-இசட் செடி, மணி பிளாண்ட் ஆகியவை இந்தப் பட்டினியைச் சுலபமாகத் தாங்கும். தாங்காத செடிகளுக்கு, தொட்டியை அரைமணி நேரம் தண்ணீர்த் தட்டில் உட்காரவைத்து அடித்துளை வழியே உறிஞ்சவிட்டு, மிச்சத் தண்ணீரைக் கொட்டிவிடலாம். வேருக்கு நீர் கிடைக்கும். மேல்மண் பெரும்பாலும் காய்ந்தே இருக்கும்.

மூன்றாவது, மஞ்சள் ஒட்டும் பொறி. மஞ்சள் நிறம் இந்த ஈக்களை இழுக்கிறது. கடையில் விற்கும் அட்டை இல்லாவிட்டாலும் கவலையில்லை. மஞ்சள் அட்டையில் விளக்கெண்ணெய் தடவி வயலில் வெள்ளை ஈக்கு வைக்கும் உத்தி தமிழக விவசாயிகளுக்குப் பழக்கமானதுதான். அதையே ஒரு தீப்பெட்டி அளவுக்கு வெட்டி, குச்சியில் சொருகி, மண்ணுக்கு இரண்டு விரல் உயரத்தில் நட்டால் போதும். இந்தப் பொறி தனியாகப் பிரச்சினையைத் தீர்க்காது. முட்டை வைக்கும் முன்பே சில பெண் ஈக்களைப் பிடிக்கும். அதைவிட முக்கியமாக, கணக்குக் காட்டும். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஒட்டியிருப்பவற்றை எண்ணித் தேதியோடு அட்டையின் பின்புறம் எழுதி வைத்தால், வைத்தியம் பலிக்கிறதா இல்லையா என்று ஊகிக்கவே வேண்டாம்.

மண்ணுக்குள் இருக்கும் புழுவைக் கொல்ல நம்பகமான ஆயுதம் ஒரு பாக்டீரியா. அது கிடைத்த கதை பாலைவனத்தில் தொடங்குகிறது. 1976-இல் இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில், வறண்ட ஆற்றுப்படுகையில் தேங்கிய ஒரு சிறு குட்டையில் கொசுப்புழுக்கள் கொத்துக்கொத்தாகச் செத்து மிதப்பதை யோயெல் மார்கலித் என்ற ஆய்வாளர் கண்டார். அந்தச் சேற்றிலிருந்து அவரும் லியோனார்ட் கோல்ட்பெர்கும் பிரித்தெடுத்த பாக்டீரியாவுக்குப் பின்னர் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் இஸ்ரேலென்சிஸ் என்று பெயர் வந்தது. சுருக்கமாக பி.டி.ஐ. இந்த பாக்டீரியா வித்தாகும்போது உடலுக்குள் ஒரு புரதப் படிகத்தை உண்டாக்குகிறது. புழு அதை விழுங்கியதும், அதன் குடலில் உள்ள காரத்தன்மை படிகத்தைக் கரைக்கிறது. குடலின் நொதிகள் அதை வெட்டி நஞ்சாக மாற்றுகின்றன. நஞ்சு குடல் சுவரின் செல்களில் துளை போடுகிறது. புழு தீனியை நிறுத்தி ஓரிரு நாளில் செத்துப்போகும். மனித வயிற்றில் இருப்பது அமிலம். அந்த நஞ்சு பற்றிக்கொள்ளும் இடமும் நம் குடலில் இல்லை. தேனீ, மீன், பறவை, பூனை எதற்கும் தீங்கில்லை. கொசு, கருப்பு ஈ, பூஞ்சை ஈ போன்ற நெருங்கிய உறவுகளின் புழுக்களுக்குத்தான் அது எமன்.

தமிழகத்துக்கு அருகிலேயே இதற்கு ஒரு களம் உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின்கீழ் 1975 முதல் புதுச்சேரியில் இயங்கும் நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம், பி.டி.ஐ. பாக்டீரியாவைக் கொண்டு கொசுப்புழுக்கொல்லி தயாரிக்கும் தொழில்நுட்பத்தை உருவாக்கியிருக்கிறது. டெங்கு, மலேரியாக் கொசுக்களுக்காகப் பிறந்த ஆயுதம் அது. தொட்டி மண்ணிலும் அதே குடல், அதே கதை.

வாங்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். உரக்கடையில் ‘பி.டி.’ என்று கேட்டால் பெரும்பாலும் எடுத்துத் தருவது குர்ஸ்டாகி என்ற வேறு வகை. அது முட்டைக்கோஸ் புழு, காய்ப்புழு போன்றவற்றுக்கானது. பூஞ்சை ஈப் புழுவை ஒன்றும் செய்யாது. சீட்டில் ‘இஸ்ரேலென்சிஸ்’ என்ற பெயர் இருக்க வேண்டும். அதைச் சொன்ன அளவில் தண்ணீரில் கலந்து, மேல்மண் முழுதும் நனையும்படி ஊற்ற வேண்டும். பி.டி.ஐ. மண்ணில் பெருகித் தங்குவதில்லை. முட்டையையும் கூட்டுப்புழுவையும் அது தொடுவதுமில்லை, அவை எதையும் தின்பதில்லையே. ஆகவே வாரம் ஒரு முறை, குறைந்தது மூன்று முறை. முதல் வாரம் தப்பிய முட்டை இரண்டாம் வாரம் புழுவாக இருக்கும். 17 நாள் கணக்கு இங்கேதான் கைகொடுக்கிறது.

ஐரோப்பிய, அமெரிக்கப் பசுமைக்குடில்களில் ஸ்டைனர்நீமா ஃபெல்டியே என்ற நுண்ணிய உருளைப்புழுவையும் தண்ணீரில் கலந்து ஊற்றுகிறார்கள். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான இது, பூஞ்சை ஈப் புழுவின் வாய் வழியாகவோ மூச்சுத்துளை வழியாகவோ உள்ளே புகுந்து, தன் குடலில் சுமந்துவந்த பாக்டீரியாவைக் கக்கும். ஓரிரு நாளில் புழு செத்துவிடும். ஆனால் இது குளிர்ந்த மண்ணின் பிறவி. 30 டிகிரியைத் தாண்டினால் சோர்ந்துவிடும். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் பொருந்தலாம். சென்னைக்கும் மதுரைக்கும் பி.டி.ஐ.யே மேல்.

வேம்பு? 1959-இல் சூடானில் வெட்டுக்கிளிக் கூட்டம் ஊரையே மொட்டையடித்துவிட்டுப் போனபோது வேப்பமரங்கள் மட்டும் தழையோடு நின்றதை ஜெர்மானியப் பூச்சியியலர் ஹைன்ரிக் ஷ்முட்டரர் கண்டார். அவருடைய நெடிய வேம்பு ஆராய்ச்சிக்கு அதுவே தொடக்கம். வேப்பங்கொட்டையில் உள்ள அசாடிராக்டின் பூச்சியின் தோலுரிப்பு ஹார்மோன்களைக் குலைக்கிறது. வளர்ந்த ஈயைக் கொல்லாது. வளரும் புழுவை அடுத்த கட்டத்துக்குப் போகவிடாது. ஆகவே அசாடிராக்டின் அளவு குறிப்பிட்ட வேப்பந்தயாரிப்பை மண்ணில் ஊற்றுவதில் பொருள் உண்டு, பொறுமையும் வேண்டும். வேப்பம்புண்ணாக்கை வீட்டுக்குள் இருக்கும் தொட்டியில் தூவுவது வேறு சங்கதி. ஈரம் பட்டதும் அதன்மேலேயே வெள்ளைப் பூஞ்சை படரும்.

ஹைட்ரஜன் பெராக்சைடு வைத்தியமும் பரவலாகச் சொல்லப்படுகிறது: 3 சதவீதக் கரைசல் ஒரு பங்குக்கு நான்கு பங்கு தண்ணீர். பொங்கி நுரைக்கும்போது பட்ட புழு சாகும். ஆனால் நம் மருந்துக்கடைகளில் விற்பது பெரும்பாலும் 6 சதவீதம்; வெளிநாட்டுக் குறிப்பை அப்படியே பின்பற்றினால் இரட்டிப்பு வீரியம் வேரில் இறங்கும். மண்ணின் நல்ல நுண்ணுயிர்களும் சேர்ந்தே அழியும். பட்டைத்தூள் தூவுவதும் மணல் பரப்புவதும் சில தொட்டிகளில் கொஞ்சம் உதவலாம்; மணலுக்குக் கீழே ஈரம் தேங்கினால், அடித்துளை வழியாகவும் ஈ உள்ளே போய்விடும்.

எல்லாவற்றையும் மூன்று வாரத்துக்குள் அடக்கிவிடலாம். முதல் நாள் அரிசித் தண்ணீரை நிறுத்துவது, தட்டுகளைக் கவிழ்ப்பது, பொறி நடுவது, முதல் பி.டி.ஐ. ஊற்றுவது. எட்டாம் நாள் இரண்டாவது, பதினைந்தாம் நாள் மூன்றாவது. வீட்டில் உள்ள எல்லாத் தொட்டிக்கும் ஒரே நாளில் செய்ய வேண்டும்; பால்கனித் துளசியை விட்டுவிட்டால் அங்கிருந்து திரும்பி வரும். நர்சரியிலிருந்து புதிதாக வாங்கும் செடியை மூன்று வாரம் தனியே ஒரு மூலையில் வைத்து, அதற்கும் ஒரு மஞ்சள் அட்டை நட வேண்டும். மிச்சக் கலவை மூட்டையைத் திறந்து வைக்கக் கூடாது.

மண்ணுக்குள் நடப்பதைப் பார்க்க ஆய்வுக்கூடம் தேவையில்லை, ஓர் உருளைக்கிழங்கு போதும். பச்சைக் கிழங்கை ஒரு விரல் தடிமனுக்கு வெட்டி, வெட்டுவாய் மண்ணில் படும்படி அழுத்தி வைக்க வேண்டும். புழுக்கள் அதைத் தேடி வரும். இரண்டு மூன்று நாள் கழித்து முதல் வாரத்தில் அதைப் புரட்டினால் அடியில் கண்ணாடி நூல்போல ஐந்தாறு நெளியும். தலை மட்டும் மிளகுத் துணுக்குபோலக் கறுத்துப் பளபளக்கும். உடம்பு தெளிவாக இருப்பதால் தின்ற கறுப்பு மண் குடலோடு ஓடுவதுகூடத் தெரியும். கிழங்கோடு சேர்த்து அவற்றைக் குப்பையில் போட்டுவிட்டுப் புதுத் துண்டு வைக்கலாம். இரண்டாம் வாரம் ஒன்றிரண்டு இருக்கும். இருபத்தோராம் நாள் புரட்டும்போது கிழங்கின் வெட்டுவாய் லேசாகக் கறுத்து, மண் துகள் ஒட்டி, அவ்வளவுதான் இருக்க வேண்டும். பக்கத்தில் நட்ட மஞ்சள் அட்டையின் பின்புறம் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளின் எண்களும் இறங்குமுகமாக நிற்கும். ஒன்று நெளிந்தாலும் நான்காவது வாரமும் மருந்து உண்டு.